குறை காணப்படவில்லை

பதினொன்று என்று எண்ணும்போது தண்டு முழுவதும் வெளியே வந்து நின்றது. கஜபதி மறுபடியும் உள்ளங்கையை அதன் தலையில் வைத்து, தோள் வழியாக உடம்பின் பாரத்தை இறக்கி, ஷாக் அப்சார்பரை அடிவரை அழுத்தினார். கையை எடுத்தார். ஒன்று, இரண்டு. யாரும் தொடாமல் அது தானாக எழுந்து வந்தது, மதியத் தூக்கம் கலைந்தவன் பாயில் எழுந்து உட்காருவதுபோல, அவசரமில்லாமல். இந்த முறையும் பதினொன்று. ஏன் பத்தில் நிற்கவில்லை, ஏன் பன்னிரண்டு வரை போகவில்லை? குழலுக்குள் வாயு இருக்கிறது, அது தள்ளுகிறது, எண்ணெய் ஊசிமுனைத் துளை வழியாக நுழைந்து வர வேண்டியிருக்கிறது, விஷயம் அவ்வளவுதான். அவருக்கு இது தெரியும். தெரிந்திருந்தும் மூன்றாவது தடவை அழுத்தினார். கடையின் ஷட்டர் முக்கால்வாசி இறக்கியிருந்தது. அதன் அடியில் முழங்கால் உயரத்துக்கு வெயில். அந்த வெயிலில் புதுப்பேட்டையின் கால்கள் போய்க்கொண்டிருந்தன. பள்ளிவாசலுக்கு விரையும் கால்கள், எதையோ தோளில் சுமப்பவனின் அகட்டி வைக்கும் கால்கள், எங்கே போவதென்று தெரியாமல் நின்று திரும்பும் ஒரு ஜோடி புது ஷூ. அவற்றுக்கு அப்பால் அவருடைய ஃபியட்டின் பின்சக்கரம், மேல்பாதி மட்கார்டுக்குள் மறைந்து, பாதி மூடிய கண்போலத் தெரிந்தது. உயரம் குறைத்து, தரையோடு இறக்கின வண்டி. அப்படித்தான் இந்தத் தெருவில் சொல்வார்கள். "மூணு ஜோடி வச்சிருக்கேன் கஜபதி சார்," என்று இத்ரீஸ் பாய் தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார். "நான் ஜும்மா முடிச்சு வர்றதுக்குள்ள ஒண்ணைச் சொல்லிடணும். எதிர்ல மெக்கானிக் லூர்து ரெண்டு மணிக்கு மாட்டித் தரேன்னு ஒத்துக்கினான். மூணு மணி ஆச்சுன்னா அவன் வேற ஆளு." யாராவது வந்தால் என்ன சொல்வது என்று கேட்டதற்கு, "நீங்கதான் ஓனர்னு சொல்லுங்க, அதுக்கென்ன," என்று சிரித்தார்.

முதல் ஜோடி இந்த வண்டிக்கென்றே செய்யப்பட்டது. நீளமானது. மெழுகுக் காகிதம் சுற்றி ஏதோ ஒரு கிடங்கில் பல வருஷம் கிடந்து, பாயின் கைக்கு வந்திருக்கிறது. அழுத்தினால் மறுபேச்சில்லாமல் இறங்குகிறது, விட்ட இடத்தில் அப்படியே நிற்கிறது. இரண்டாவது ஜோடி, பாய் எதிலிருந்தோ கழற்றி, புது எண்ணெய் ஊற்றி மூடியது. எந்த வண்டியினுடையது என்று அவருக்கே நினைவில்லை. அதில் ஒரு விசித்திரம் இருந்தது. பாதி தூரம் இறங்கியதும் கைக்கு ஒன்றுமே தட்டுப்படாத ஒரு இடம். இருட்டில் இன்னொரு படி இருக்கிறதென்று கால் வைத்து, இல்லையென்று தெரிகிற அந்த ஒரு கணம்போல. படுக்கப் போட்டு வைத்தால் காற்று உள்ளே புகுந்துவிடும், நிமிர்த்தி ஐந்தாறு தடவை அடித்தால் சரியாகும் என்று பாய் சொல்லியிருந்தார். கஜபதி இருபது தடவை அடித்தார். அந்த இடம் போகவில்லை, கொஞ்சம் மேலே நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. அது எதனால் நகர்ந்தது என்று யோசித்துக்கொண்டே நாலைந்து நிமிஷம் போயிற்று. மூன்றாவதுதான் இந்தப் பதினொன்று எண்ணுவது. சின்ன வேன் ஒன்றுக்கானது. குட்டை, கெட்டி. கவுன்டரில் வைத்து அழுத்தும்போது கவுன்டரே முனகுகிறது. மெத்தென்று இறங்குவது ஒன்று, எதிர்த்து நிற்பது ஒன்று, நடுவில் ஒரு பள்ளத்தை ஒளித்து வைத்திருப்பது ஒன்று. மனிதர்களில் இந்த மூன்று வகையும் உண்டு என்று நினைத்தவர், இப்படியெல்லாம் உவமை தேடத் தொடங்கினால் பொருளைப் பார்க்காமல் போய்விடுவோம் என்று அந்த நினைப்பை நிறுத்தினார். கை மட்டும் மறுபடி முதல் ஜோடியிடம் போயிற்று. இதுதான் பிள்ளைத்தாய்ச்சியான மகளுக்கு ஏற்றது. இதை அழுத்தும்போது யாருக்கும் எதுவும் வலிக்காது என்று தோன்றுகிறது.

இருபத்தேழு வருஷமாக அவருக்கு லிஃப்ட்டுகளோடு வேலை. லிஃப்ட் ஏறி இறங்கும் கூண்டுக்குக் கீழே, யாரும் பார்க்காத குழியில், தரையோடு பதித்த இரண்டு பெரிய ஷாக் அப்சார்பர்கள் நிற்கும். எல்லாம் கைவிட்டுப் போனால் கூண்டு அவற்றின் மேல் வந்து உட்கார வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை குழிக்குள் இறங்கி அவற்றைத் துடைத்து, எண்ணெய் பார்த்து, மேலே ஏறி வந்து கையெழுத்துப் போடுவார். அவை வேலை செய்து அவர் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்பதுதான் அந்த வேலையே. மற்ற நாட்களில் புகார்கள் வரும். சத்தம் வருகிறது, ஆடுகிறது, நிற்கும்போது தூக்கிப் போடுகிறது. புரசைவாக்கத்தில் ஆறாவது மாடி அம்மாள் ஒருத்தி மாதம் தவறாமல் எழுதிக் கொடுப்பாள், மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கீச்சென்று ஒரு சத்தம் என்று. இவர் போவார். பகல் பதினொரு மணிக்கு, எல்லாரும் அவரவர் வேலைக்குப் போனபிறகு, தனியாக ஏறி இறங்குவார். காதைச் சுவரோடு வைத்துக் கேட்பார். ஒன்றும் கேட்காது. பதிவேட்டில் எழுதுவார்: குறை காணப்படவில்லை. அழகான வாக்கியம் என்று அவருக்கு ஒரு எண்ணம் உண்டு. குறை இல்லை என்று அது சொல்லவில்லை. காணப்படவில்லை. அவ்வளவுக்குத்தான் கையெழுத்து. மூன்று வாரத்துக்கு முன்னால் வளைகாப்புப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போய்த் திரும்பியபோது, பின்சீட்டில் மனைவி சரளாவும் அவள் அக்காவும். மடியில், காலடியில், பக்கத்தில் எல்லாம் பைகள். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் பின்னால் டொக்கென்று ஒரு சத்தம். அவருக்கு அது டிக்கியில் ஸ்டெப்னி உருள்வது மாதிரி கேட்டது. வீட்டில் இறங்கியதும் சரளா, "யாரோ முதுகெலும்பை உளியால தட்டின மாதிரி இருக்குங்க," என்றாள். மறுநாளிலிருந்து மூன்று நாள் அவர் பெரம்பூரில் இருக்கிற அத்தனை ஸ்பீட் பிரேக்கரிலும் ஏறி இறங்கினார். வேகமாக, மெதுவாக, சாய்வாக. ஸ்டெப்னியைக் கழற்றி வைத்துவிட்டும் பார்த்தார். டொக் வரவில்லை. வீட்டுக்கு வந்து, "குறை காணப்படவில்லை," என்றார், வேடிக்கையாக. சரளா சிரிக்கவில்லை. "உங்க லிஃப்ட் பாஷைய என்கிட்ட பேசாதீங்க," என்று உள்ளே போய்விட்டாள்.

வண்டியை இறக்கலாம் என்று சொன்னது மகள் தாரணிதான். பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது. எந்த நாட்டுக் காரோ, இதே ஃபியட், தரையைத் தடவிக்கொண்டு நிற்கிற படம் ஒன்றைக் கணினியில் காட்டி, "நம்மளது ஏம்ப்பா கால் நுனியில நிக்கற மாதிரி நிக்குது?" என்றாள். அதுவரை அவருக்கு அப்படித் தெரிந்ததில்லை. அதற்குப் பிறகு வேறு மாதிரி தெரியவில்லை. காலாண்டு விடுமுறையில் இருவரும் இறக்கினார்கள். பின்னால் இருக்கிற வில்பட்டைகளில் ஒன்றை எடுத்துவிட்டு, மீதியைப் பட்டறையில் கொடுத்து வளைவு குறைத்து வாங்கி வந்து மாட்டினார்கள். அச்சு மேலே வந்தால் உடம்பில் இடிக்காமல் தாங்குகிற ரப்பர் கட்டை இப்போது நெருக்கத்தில் இருந்தது. அதைப் பாதியாக அறுக்க வேண்டும். ஹாக்சா பிளேடை அவள்தான் பிடித்தாள். ரப்பர் தூள் அவள் மூக்கில் கறுப்பாக ஒட்டியிருந்தது. ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டாமா என்று அப்போது இருவருக்கும் தோன்றவில்லை. பழையதன் இரு முனை வளையங்களும், கண் என்பார்கள், பழைய இடத்திலேயே பொருந்தி மாட்டிக்கொண்டன, அது போதுமென்று இருந்தது. முதல் ஓட்டத்தில் முன்சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து, "தரையோட பேசிக்கினே போற மாதிரி இருக்குப்பா," என்றாள். அவள் எப்போதும் முன்சீட்டுக்காரி. பின்சீட் என்பது டிபன் பாக்ஸும் குடையும் போட்டு வைக்கிற இடம். அவரைக் கேட்டால் அந்தச் சீட்டின் நிறத்தைக்கூட யோசித்துத்தான் சொல்வார். வாங்கிய நாளிலிருந்து அதில் அவர் உட்கார்ந்ததில்லை, உட்கார என்ன அவசியம்? ஞாயிற்றுக்கிழமை அவள் உட்காரப் போகிறாள். ஏழாம் மாதம். ஆரணியில் மாமியார் வீட்டில் வளைகாப்பு, முடிந்ததும் ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்பிப் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். போன வாரம் அங்கே போய்ப் பேசிவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வழியில் இருக்கிற ஸ்பீட் பிரேக்கர்களை எண்ணினார். அறுபத்திரண்டு. நடுவில் ஒருவர் மணி கேட்டார், அதில் ஒன்று விட்டுப் போயிருக்கலாம். சரளா தன் அக்காவிடம் போனில், "வயிறு இன்னும் இறங்கல," என்று சொல்வதைக் கேட்டபோது, அந்த வார்த்தை வண்டிக்கும் வயிற்றுக்கும் எப்படிப் பொதுவாயிற்று என்று ஒரு பகல் முழுக்க யோசித்தார். வயிறு இறங்கினால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன்னால் இறங்கினால்.

அதற்கு முன்னால் இறங்கினால் என்ன என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், தாரணிக்கு முதல் தடவை மூன்றாம் மாதம் நடக்கும்போது, திருத்தணிக்குப் போய் வந்தார்கள். இந்த வண்டியில்தான். அன்றைக்கு மட்டும் அவள் பின்சீட்டில் உட்கார்ந்தாள். வயிற்றைப் புரட்டுகிறது, கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்று. நாலாம் நாள் ஆஸ்பத்திரி. கரு தங்கவில்லை. எல்லாம் முடிந்தபிறகு நடையில் டாக்டரம்மாவை நிறுத்தி, வேறு யாரும் பக்கத்தில் இல்லாதபோது, அவர் கேட்டார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி, "வண்டியில போனதாலயெல்லாம் இல்லைங்க. அப்படி நினைக்காதீங்க. சில சமயம் இப்படி ஆகும். எல்லா டெஸ்ட்டும் பார்த்துட்டோம், குறைன்னு எதுவும் தெரியல," என்றாள். குறை காணப்படவில்லை. அந்த வாக்கியத்தை வாங்கிக்கொள்கிற பக்கத்தில் நின்றது அன்றைக்குத்தான். டாக்டர் சொன்னதை அவர் நம்பினார். இப்போதும் நம்புகிறார். படித்தவர்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். நம்பிக்கை ஒரு பக்கம் இருக்க, அன்றைக்குப் பின்னால் டொக் வந்ததா என்கிற கேள்வி தனியாக இன்னொரு பக்கம் இருந்தது. அதைச் சரளாவிடம் கேட்கவில்லை. தாரணியிடம் கேட்க முடியாது. வராமல் இருந்திருக்கலாம். ஷாக் அப்சார்பர் அப்போது இவ்வளவு பழசாகியிருக்காது, எண்ணெய் கசிந்திருக்காது. தேய்ந்துபோனதால்தானே இப்போது சத்தம் வருகிறது? தேய்மானம் என்றால் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நன்றாக இருந்திருக்கும். அதனால் அதே அளவில் புதிதாக ஒன்று போட்டால் போதும். இந்த முதல் ஜோடி. மெத்தென்று இறங்குகிறது. அவர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். போன செவ்வாய்க்கிழமை அவளாகவே போன் பண்ணி, "டாக்சிலாம் வேணாம்ப்பா. நம்ம வண்டிய எடுத்துட்டு வா," என்றாள். எதற்காக அப்படிச் சொன்னாள் என்பதையும் அவர் இன்னும் எண்ணி முடிக்கவில்லை.

சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். லிஃப்ட் சர்வீஸ் சீட்டின் பின்பக்கம், நேற்று வாசலில் வண்டிக்கு அடியில் படுத்து எழுதியது. மேல் கண்ணுக்கும் கீழ்க் கண்ணுக்கும் நடுவே பன்னிரண்டரை அங்குலம். அந்த அளவில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. சாதாரணமாக எல்லாரும் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும்போது அளந்துவிட்டு, கடையில் வந்து தப்பான நீளத்தைக் கேட்பார்கள். பாய் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இவர் அந்தத் தப்பைச் செய்யவில்லை. நாலு சக்கரமும் தரையில் நிற்க, கஷ்டப்பட்டுப் பக்கவாட்டில் நுழைந்து அளந்தார். கவுன்டரில் கிடந்த டேப்பை எடுத்து முதல் ஜோடியை முழுவதும் அழுத்தி அளந்தார். பதினொன்று. ஒன்றரை அங்குலம் இடமிருக்கிறது. குட்டையை அழுத்தி அளந்தார். ஒன்பது. அது அத்தனை இடம் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறது, அதுவும் அந்தக் கெட்டித்தனத்தோடு? முடிவு பண்ணியாயிற்று என்று எழுந்திருக்கும்போது போன் அடித்தது. சரளா.

"எங்க இருக்கீங்க?"

"பாய் கடையில."

"இன்னுமா? ஷாக்கு வாங்கப் போனீங்களா, செய்யப் போனீங்களா?"

"மூணு ஜோடி இருக்கு. அழுத்திப் பார்த்துட்டு இருக்கேன்."

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட இவ்ளோ நேரம் பார்க்கல நீங்க. இங்க டாக்சிக்காரர் கேட்டுக்கிட்டு இருக்காரு, ஞாயித்துக்கிழமை வரணுமா வேணாமான்னு மூணு மணிக்குள்ள சொல்லணுமாம். நான் என்ன சொல்றது?"

"தாரணி நம்ம வண்டிதான்..."

"அவ சொல்லுவா. பின்னாடி உட்காரப் போறது நாங்க. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா, நடுவுல அவ. முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், ஒண்ணு உடையக் கூடாது. முன்னாடி உட்கார்ந்து ஓட்டறவருக்குப் பின்னாடி இருக்கறவங்க முதுகு எப்படிங்க தெரியும்? மூணு மணிக்கு போன் பண்றேன்."

வைத்துவிட்டாள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா, நடுவில் அவள். கஜபதி காகிதத்தைப் பார்த்தபடி நின்றார். பன்னிரண்டரை. கை காகிதத்தைத் திருப்பிற்று. முன்பக்கத்தில் அவருடைய கையெழுத்திலேயே ஏதோ ஒரு லிஃப்ட்டின் சோதனைக் குறிப்பு. ஆண்டுச் சோதனை என்றால் கூண்டில் ஐம்பது கிலோ இரும்புக் கட்டிகளை எண்ணி அடுக்கி, பதிமூன்று பேர் பாரம் ஏற்றி, பிறகுதான் எந்த அளவும் எடுப்பார்கள். காலி லிஃப்ட்டில் எடுத்த அளவை வைத்துக் கையெழுத்துப் போட்டால் வேலை போய்விடும். நேற்று வாசலில் வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது பின்சீட்டில் யார் இருந்தார்கள்? ஒரு குடை இருந்தது. பட்டை ஒன்று குறைந்த வில், பாரம் ஏறினால் முன்னைவிட அதிகமாக அமுங்கும். அவர் எழுதி வைத்திருப்பது காலி வண்டியின் அளவு. மூன்று நாள் பெரம்பூரில் ஏறி இறங்கியதும் காலி வண்டிதான். ஆறாவது மாடி அம்மாள் நினைவுக்கு வந்தாள். அதன் முடிவை இத்தனை நேரம் அவர் நினைக்காமல் விட்டிருந்தார். ஒருநாள் அவள் புருஷன், மாமியார், விருந்தாளிகள் என்று ஏழு பேரோடு கீழே காத்திருந்து, அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கீச்சென்று கேட்டது. அந்த அம்மாள் அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவருக்குச் சிரிப்பு வந்தது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

ஷட்டரின் அடியில் வெள்ளை வேட்டி வந்து நின்றது. இத்ரீஸ் பாய் குனிந்து, "என்ன ஓனரே, வியாபாரம் ஆச்சா?" என்றார்.

"பாய், வந்து என் வண்டியில உட்காருங்க."

"எங்க போறோம்?"

"எங்கயும் போல. பின்னாடி உட்காருங்க. இன்னும் ரெண்டு பேர் வேணும்."

பக்கத்து பேட்டரிக் கடை சித்திக் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்தார். எதிரிலிருந்து லூர்து, கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே, "மாட்டச் சொல்லிக் கூப்ட்டா ஊர்வலம் போகச் சொல்றாரு சார்," என்று வந்தான். "ஒல்லியா இருக்கற நீ நடுவுல," என்று பாய் அவனைத் தள்ளி உட்காரவைத்தார். மூன்று பேரும் தோளை ஒடுக்கி உட்கார்ந்ததும் வண்டி ஒரு பெருமூச்சோடு தாழ்ந்தது. டிக்கியில் சீர்த்தட்டுகளுக்குப் பதிலாகக் கடையில் கிடந்த இரண்டு பழைய பேட்டரிகளை வைத்துவிட்டு, கஜபதி தார்ச்சாலையில் மல்லாந்து படுத்துப் பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே போனார். முதுகில் வெயிலின் சூடும் பழைய எண்ணெயின் பிசுக்கும். மேலே சித்திக் ஏதோ சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்புக்கு ஏற்ப அச்சு அரைக்கால் அங்குலம் ஆடியது. அதைப் பார்க்க அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. மேலே ஒருவர் சிரிப்பது கீழே இப்படித் தெரியுமா? "நடுவுல இருக்கறவர் ஆடாதீங்க!" என்று கத்தினார். டேப்பின் நுனியை மேல் கண்ணில் வைத்துக் கீழே இழுத்தார். பதினொன்றே கால். மறுபடி வைத்துப் பார்த்தார். பதினொன்றே கால். அடிவரை அழுத்தினால் பதினொன்று ஆகிற ஒன்றுக்கு இங்கே மிச்சம் ஒரு கால் அங்குலம். சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. சின்ன மேடு ஏறினாலே தண்டு உள்ளே போய் இரும்பில் இடிக்கும். இப்போது மாட்டியிருக்கிற பழையதும் இதே நீளம்தான். தேய்மானம் இல்லை இது. எண்ணெய்க் கசிவு இல்லை. வண்டியை இறக்கிய நாளிலிருந்து இது இங்கேயே இருந்திருக்கிறது, பின்னால் ஆள் ஏறுவதற்காகக் காத்துக்கொண்டு. திருத்தணிக்குப் போன அன்று பின்சீட்டில் தாரணி, சரளா, சம்பந்தியம்மாள். மூன்று பேர்.

அவர் டேப்பைப் பிடித்தபடி படுத்திருந்தார். முகத்துக்கு நேரே, பாதியாக அறுத்த ரப்பர் கட்டை. அறுத்த இடம் கோணலாக இருந்தது, பதினாறு வயதுக் கை. வந்திருக்கும். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் வந்திருக்கும். பேச்சுச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது, இல்லை, கேட்டு ஸ்டெப்னி என்று நினைத்திருப்பார். சரளாவுக்குத் தெரியும். காஞ்சிபுரத்துக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். ஒன்றரை வருஷம் அதை அவரிடம் சொல்லாமல் வைத்திருந்து, காஞ்சிபுரத்தில்தான் முதல் தடவையாகக் கேட்டதுபோலச் சொல்லியிருக்கிறாள். தாரணிக்கும் தெரியும். பாதி ராத்திரியில் யோசித்திருப்பாளா, டாக்டரை அவளும் தனியாக நிறுத்திக் கேட்டிருப்பாளா? அப்பா, நம்ம வண்டிய எடுத்துட்டு வா. அவளுக்குத் தெரிந்திருந்தும் அப்படிச் சொன்னாளா, தெரிந்திருந்ததால் அப்படிச் சொன்னாளா? டாக்டரம்மா வண்டியால் இல்லை என்றாள். அது மாறவில்லை. மாறியது ஒரே ஒரு விஷயம், காணப்படவில்லை என்பது இனி இல்லை. காணப்பட்டுவிட்டது. பதினொன்றே கால். கழுத்தில் ஒரு எறும்பு ஊர்ந்தது. அதைத் தட்டிவிடக் கை வரவில்லை.

"சார், தூங்கிட்டீங்களா?" என்று மேலேயிருந்து இத்ரீஸ் பாயின் குரல். "இங்க சித்திக் என் மடியில பாதி உட்கார்ந்துட்டு இருக்கான்."

"குட்டையே போட்டுடுங்க," என்றார் கஜபதி, வண்டிக்கு அடியிலிருந்தே. "அந்த வேனோடது."

"அது ரொம்பக் கெட்டியாச்சே சார்?"

"கைக்குத்தான் பாய் கெட்டி."

லூர்து மாட்ட முக்கால் மணி நேரமாயிற்று. கீழ்க் கண்ணின் ரப்பர் புஷ் கொஞ்சம் அகலம், ராவ வேண்டியிருந்தது. அவன் ராவுவதை கஜபதி குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் தூள் அவன் முழங்கையில் படிவதை, அதை அவன் ஊதுவதை. கடைசி நட்டை முடுக்கியபோது மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. சாவியை எடுத்து இத்ரீஸ் பாயிடம் நீட்டினார். "நீங்க ஓட்டுங்க. பள்ளிக்கூடம் வரைக்கும் போய்ட்டு வந்துடுவோம்." பாய் சாவியையும் அவரையும் பார்த்துவிட்டு ஓட்டுகிற பக்கம் போனார். சித்திக் ஒரு ஓரம், லூர்து மறு ஓரம். நடுவில், தாரணி உட்காரப் போகிற இடத்தில், கஜபதி. சீட் கரும்பச்சை நிறம். நடுவில் இருப்பவருக்குக் கால் வைக்க இடமில்லை என்பதும், கீழே பின்அச்சுக்கு ஓடுகிற ராடின் மேடு இரண்டு பாதங்களையும் பிரித்து வைக்கும் என்பதும், பிடித்துக்கொள்ள எதிரில் ஒன்றுமே கிடையாது என்பதும் அதுவரை அவருக்குத் தெரியாது. முன்னால் கண்ணாடி வழியாகத் தெரிகிற சாலை இங்கிருந்து வேறு சாலையாக இருந்தது, பாயின் தலைக்குப் பக்கத்தில் ஒரு கீற்று. மேடு எப்போது வரும் என்று பின்னால் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. முதல் ஸ்பீட் பிரேக்கர் அப்படித்தான் வந்தது, சொல்லாமல். வண்டி ஏறியது, பின்பக்கம் அமுங்கியது, தயங்கியது, எழுந்தது. "வந்துச்சா?" என்று பாய் கத்தினார். "இல்ல." இரண்டாவது. இல்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருப்பது பெரியது, யாரோ கோபத்தில் கட்டியது மாதிரி. பாய் வேகம் குறைக்கவில்லை. வண்டி ஏறி இறங்கியபோது கஜபதி மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. பின்பக்கம் ஆழமாக இறங்கிப் போய், எதிலும் இடிக்காமல், ஒரே சீராக மேலே வந்து நின்றது. சித்திக்கின் சாவிக்கொத்து மட்டும் கிணுகிணுத்தது. போன் அடித்தது.

"சொல்லுங்க. டாக்சி?"

"வேணாம்னு சொல்லிடு."

"நிச்சயமாவா?"

"பின்னாடி உட்கார்ந்துட்டுதான் சொல்றேன்."

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. "சரி," என்றாள் சரளா. "சாப்பிட வாங்க." பாய் பள்ளிக்கூட வாசலில் வண்டியைத் திருப்பினார். லூர்து ஜன்னல் வழியாகத் தெரிந்த யாரையோ கைதட்டிக் கூப்பிட்டான். சித்திக் இந்த வண்டிக்கு வைக்க வேண்டிய பேட்டரி எது என்று பாயிடம் விளக்கிக்கொண்டிருந்தார். பெரிய மேடு மறுபடியும் எதிரே வந்தது. கஜபதி வலது உள்ளங்கையை வயிற்றின் மேல் வைத்து, அதன் மேல் இடது கையையும் வைத்துக்கொண்டார்.